எண்ணெய்க்குள் உலோகம்: 'ஓர்கானிக்' முத்திரை சொல்வதும் ஆய்வுகூடம் அளப்பதும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் எண்ணெய் வாங்கப் போனால் இப்போது தெரிவு அதிகம். வெர்ஜின் தேங்காயெண்ணெய், செக்கில் ஆட்டிய கச்சான் எண்ணெய், வெளிநாட்டிலிருந்து வரும் வால்நட், பாதாம் எண்ணெய்கள் என்று ஒரு தட்டே நிறைந்திருக்கும். அவற்றில் 'ஓர்கானிக்' என்று எழுதிய போத்தலுக்கு விலை கணிசமாகக் கூட. ஏன் என்று கேட்டால், "இரசாயனப் பசளை இல்லை, பார உலோகம் இல்லை" என்று ஒரே மூச்சில் பதில் வரும். இந்தப் பதிலில் இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பசளை போடவில்லை என்பது தோட்டத்தில் நடந்ததைப் பற்றியது. சான்றிதழ் கொடுப்பவர்கள் நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்யலாம். பார உலோகம் இல்லை என்பதையோ போத்தலில் இருக்கும் எண்ணெயை அளந்தால்தான் சொல்ல முடியும். சேதனச் சான்றிதழ், அதாவது ஓர்கானிக் சான்றிதழ், பயிர் செய்யும் முறைக்குத் தரப்படுவது. ஈயம் இவ்வளவு, கட்மியம் இவ்வளவு என்று அது எந்த உறுதியும் தருவதில்லை.

இரண்டும் நம் மனதில் ஒன்றாகிப்போனதற்கு 2021ஆம் ஆண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மார்ச்சில் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்லாடொக்சின் இருப்பது தெரியவந்து, எந்தப் போத்தலை நம்புவது என்று வீடுகளில் எல்லோரும் கலங்கினார்கள். மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களை வாட்டிவரும் சிறுநீரக நோயும் அதற்கு ஒரு நியாயமாகச் சொல்லப்பட்டது. கட்மியம், ஆசனிக் என்ற பெயர்கள் தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டன. விளைச்சல் சரிந்து, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் 'இரசாயனப் பசளை என்றால் பார உலோகம், சேதனம் என்றால் சுத்தம்' என்ற கணக்கு மட்டும் தங்கிவிட்டது. அஃப்லாடொக்சின் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு, அதற்கும் உலோகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுகூட அந்தக் கலவரத்தில் பலருக்குத் தெளிவாகவில்லை.

சரி, மண்ணில் இருக்கும் உலோகம் எண்ணெய் வரைக்கும் எப்படி வருகிறது? வேர் உறிஞ்சியதில் ஒரு பகுதி விதைக்குப் போகிறது. விதைக்குள் உலோகங்கள் பெரும்பாலும் புரதத்தோடும், பைட்டேட் என்ற பொசுபரசுச் சேர்மத்தோடும் பிணைந்து கிடக்கின்றன. இவை நீரோடு உறவுள்ளவை, கொழுப்பில் கரையாதவை. அதனால் விதையைப் பிழியும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஓடிவர, உலோகத்தில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எண்ணிலேயே பார்க்கலாம். ஒரு கிலோ பச்சைக் கச்சானில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் செம்பும் 45 மில்லிகிராம் இரும்பும் இருக்கும். அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், சுத்திகரிக்காத எண்ணெய்க்கு வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் செம்பு, 5 மில்லிகிராம் இரும்பு. அந்த உச்சத்தைத் தொடும் எண்ணெயாக இருந்தால்கூட, கச்சானில் இருந்த செம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் எண்ணெய்க்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கும். வயலில் என்ன வித்தியாசம் இருந்தாலும், செக்கைத் தாண்டும்போது அது சுருங்கித்தான் வெளியே வருகிறது. எண்ணெயின் கட்மியத்தை வைத்துத் தோட்டத்தை எடைபோடுவது கடினம். புண்ணாக்கை அளந்தால் அந்தத் தோட்டத்தைப் பற்றி இன்னும் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் எண்ணெயில் இருக்கும் இரும்பும் செம்பும் எங்கிருந்து வருகின்றன? ஒரு பங்கு விதையிலிருந்து வருகிறது, பொஸ்போலிப்பிட்டுகள் என்ற பொசுபரசு சேர்ந்த கொழுப்புப் பொருட்களோடு ஒட்டிக்கொண்டு. மற்றது ஆலையிலிருந்து. தேய்ந்த திருகு, இரும்புப் பீப்பாய், பித்தளைக் குழாய், செப்புப் பாத்திரம் எல்லாமே பங்கு தரும். இங்கே தேங்காயெண்ணெய்க்கு ஒரு தனிக் கதை உண்டு. கொப்பரா சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் ஏறும். அந்த அமிலம் இரும்போடு சேர்ந்து எண்ணெயில் கரையக்கூடிய உலோகச் சவர்க்காரமாக மாறும். ஆகவே இரும்பு அதிகமாகத் தெரியும் ஓர் அறிக்கையைப் பார்த்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி கொப்பரா வாடியையும் பீப்பாயையும் பற்றியதாக இருக்கும். தோட்டத்தில் எந்தப் பசளை போட்டார்கள் என்பது அப்புறம்.

கோடெக்ஸ் இரும்புக்கும் செம்புக்கும் எல்லை வைத்திருப்பது நஞ்சு என்ற காரணத்துக்காக இல்லை. அவை எண்ணெயைக் கெடுப்பதால். எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிப்பதை இந்த உலோகங்கள் விரைவுபடுத்துகின்றன. இதில் செம்பு இரும்பைவிட மோசம், மிகச் சிறிய அளவே போதும். சுத்திகரித்த எண்ணெய்க்கு எல்லை இன்னும் இறுக்கம்: செம்பு 0.1, இரும்பு 1.5 மில்லிகிராம். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பு என்பதால் அது தாக்குப்பிடிக்கும். கச்சான் எண்ணெயும், அதைவிட வால்நட் எண்ணெயும் சீக்கிரம் கெட்டுவிடும். நஞ்சு என்ற பட்டியலில் வருபவை ஈயமும் ஆசனிக்கும். உணவு எண்ணெய்களுக்குக் கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை ஈயத்துக்குக் கிலோவுக்கு 0.08, ஆசனிக்குக்கு 0.1 மில்லிகிராம்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். சேதன முறையும் வழக்கமான முறையும் உலோக விஷயத்தில் எங்கே பிரியக்கூடும் என்று பார்த்தால் பிரதானமாக மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது பொசுபேற்றுப் பசளை. கடலடிப் படிவுப் பாறையிலிருந்து எடுக்கும் பொசுபேற்றில் கட்மியம் இயற்கையாகவே இருக்கும், சுரங்கத்துக்குச் சுரங்கம் அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல், பொசுபேற்றுப் பசளையில் உள்ள ஒவ்வொரு கிலோ பொசுபரசு ஐந்தொட்சைட்டுக்கும் 60 மில்லிகிராம் கட்மியம் என்று எல்லை போட்டது இதனால்தான். கச்சானுக்கு இங்கே சிபாரிசு செய்யப்படும் முப்பொசுபேற்று இறக்குமதியாகும் பசளை. மணற்பாங்கான, சற்றே புளித்த மண்ணில் கட்மியம் வேருக்கு இலகுவாகக் கிடைக்கும். கச்சான் நிலத்துக்குள்ளேயே காய்ப்பது வேறு. ஆகவே பசளை வித்தியாசம் எங்கேயாவது தெரிய வேண்டுமென்றால் கச்சானில்தான் தெரிய வாய்ப்பு அதிகம்.

தென்னைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எப்பாவலயில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட அப்பற்றைட்டு என்ற பொசுபேற்றுக் கனிமப் படிவு எரிமலைக் குழம்புவழிப் பாறை. இந்த வகைப் பாறைகளில் கட்மியம் பொதுவாகக் குறைவு. அது நீரில் மெதுவாகக் கரைவதால் நெல்லுக்கு ஒத்துவராது. தென்னை, தேயிலை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கு இடுகிறார்கள். வளர்ந்த தென்னைக்கான வழக்கமான பசளைக் கலவையில் பொசுபேற்றுக்காகச் சேர்ப்பது இந்த எப்பாவல மாவைத்தான். அதேநேரம், இயற்கையான பாறைப் பொசுபேற்றைச் சேதன விவசாய விதிகளும் அனுமதிக்கின்றன. குருநாகலில் ஒரு வழக்கமான தோட்டமும் பக்கத்தில் ஒரு சேதனத் தோட்டமும் இருந்தால், இரண்டு தோட்டத்து மரங்களும் ஒரே பாறை மாவை உண்ணக்கூடும். யூரியாவில் அவை வேறுபடலாம், பொட்டாசில் வேறுபடலாம். கட்மியம் வரும் வழி இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம். தேங்காயெண்ணெயில் 'சேதனம் என்பதால் கட்மியம் குறைவு' என்று சொல்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி செம்பு. பூஞ்சண நோய்க்குத் தெளிக்கும் போர்டோக் கலவை செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்தது, 1880களில் பிரான்சில் வந்தது. செயற்கை மருந்துகள் சேதன விவசாயத்தில் மறுக்கப்படுவதால் அங்கே செம்பின் தேவை குறையாமல் இருக்கிறது. ஐரோப்பிய விதி ஒரு ஹெக்டேயருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ வரை அனுமதிக்கிறது. இட்ட செம்பு மண்ணை விட்டு எளிதில் போகாது, சேர்ந்துகொண்டே வரும். ஆக இந்த ஓர் உலோகத்தில் சேதனப் பழத்தோட்டம் வழக்கமான தோட்டத்தைவிடக் கூடுதலாகக் காட்டினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வழி கூட்டெருவும் கோழி எருவும். கோழித் தீனியில் செம்பும் நாகமும் (துத்தநாகம்) சேர்க்கிறார்கள். அதன் பெரும்பகுதி எருவாக வெளியே வருகிறது. நகரக் குப்பையிலிருந்து செய்யும் கூட்டெருவில் பற்றரி, பெயின்ட், உடைந்த மின்சாதனம் என்று எதுவும் கலந்திருக்கலாம். வீட்டுக் கழிவுக் கூட்டெருவைச் சேதன வயலில் இடுவதற்கு ஐரோப்பா வைத்திருக்கும் எல்லை, உலர்ந்த ஒரு கிலோவுக்குக் கட்மியம் 0.7, ஈயம் 45, செம்பு 70 மில்லிகிராம். இலங்கையில் சேதனப் பசளை பற்றி 2021இல் அவ்வளவு பேசினோம். எருவின் உலோக அளவைப் பற்றி அதே அளவுக்குப் பேசியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வெளிநாட்டு ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இந்த விவாதத்தில் அதிகம் காட்டப்படுவது 2014இல் பிரித்தானியப் போசாக்கு இதழ் ஒன்றில் வெளிவந்த தொகுப்பாய்வு. நியூகாசில் பல்கலைக்கழகக் குழு தலைமையேற்று 343 வெளியீடுகளை ஒன்றுசேர்த்தது. சேதனப் பயிர்களில் கட்மியம் சராசரியாக 48 சதவீதம் குறைவு என்று அது கண்டது. ஈயத்திலும் ஆசனிக்கிலும் அப்படியான வித்தியாசம் தெரியவில்லை. கட்மிய வித்தியாசம் தெளிவாக வந்தது தானியங்களில். கோதுமையை நாம் முழுசாக அரைத்துச் சாப்பிடுகிறோம், எண்ணெயைப் பிழிந்து எடுத்துப் புண்ணாக்கை மாட்டுக்குப் போடுகிறோம். அந்த 48ஐ எடுத்து எண்ணெய்ப் போத்தலில் ஒட்டுவது சரியான காரியம் இல்லை.

இப்போது அளவீட்டுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இதுதான்.

செட்டியார் தெரு நகைக்கடையில் தங்கத்தை எக்ஸ்-கதிர் கருவியில் வைத்தால் சில விநாடிகளில் செம்பு இத்தனை சதவீதம், வெள்ளி இத்தனை சதவீதம் என்று காட்டும். எண்ணெயை அப்படி வைத்தால் ஒன்றும் தெரியாது. நாம் தேடும் ஈயம் சதவீதக் கணக்கில் இல்லை, நூறு கோடியில் சில பங்கு என்ற கணக்கில் இருக்கிறது. அதோடு எண்ணெய் முழுக்கக் கரிமம். அதை நேரே கருவிக்குள் விட்டால் கரி படிந்து கருவி அடைத்துக்கொள்ளும், அல்லது உள்ளே எரியும் பிளாஸ்மாச் சுவாலை அணைந்துபோகும். கரைப்பானில் ஐதாக்கி விடுவதும், நீரோடு பால்போலக் கலக்கி விடுவதும் உண்டு. ஆனால் நம்பகமான வழி, எண்ணெயை முதலில் முழுசாக அழித்துவிடுவது. அரைக் கிராம் எண்ணெயைத் தெப்லோன் வகைப் பாத்திரத்தில் இட்டு, நைத்திரிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்த்து, இறுக்கி மூடி, அதற்கென்றே செய்த மைக்ரோவேவ் அடுப்பில் 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். கொழுப்பு காபனீரொட்சைட்டாகப் போய்விட, உலோகம் மட்டும் அமிலத்தில் கரைந்து மிஞ்சும். எண்ணெயைக் கூடப் போட்டால் அழுத்தம் ஏறிப் பாத்திரம் வெடிக்கும் அபாயம் இருப்பதால்தான் அரைக் கிராம் என்ற சிறிய அளவு.

இதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, சாதாரணமாகத் தோன்றினாலும் கவனம் வேண்டியது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். கொழும்பு வெயிலில் தண்ணீர்போல இருந்த எண்ணெய், குளிரூட்டிய ஆய்வுகூட மேசையில் வெண்மையாகக் கட்டிப்பட்டுவிடும். உலோகத் துகளும் நீர்த்துளியும் அதற்குள் அடியில் இறங்கியிருக்கும். மேலால் ஒரு கரண்டி எடுத்தால் ஓர் எண், அடியில் எடுத்தால் வேறு எண். போத்தலை முழுவதும் இளஞ்சூட்டில் உருக்கி, நன்றாகக் குலுக்கி, உடனே எடுக்க வேண்டும்.

அரைக் கிராமைக் கரைத்து 50 மில்லிலீற்றராக்கினால் எல்லாம் நூறு மடங்கு ஐதாகிவிடும். எண்ணெயில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால், பாத்திரத்துக்குள் மொத்தமாக இருப்பது 5 நனோகிராம். ஒரு கிராமை 20 கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஆய்வுகூடத்துத் தூசி, கையுறையின் மா, மலிவான அமிலம், கழுவாத கண்ணாடி, இவற்றில் எது ஒன்றும் அந்த அளவுக்கு ஈயத்தைத் தந்துவிடும். அதனால் எண்ணெயே போடாமல், வெறும் அமிலத்தை மட்டும் இதே வழியில் கொண்டுபோய் அளப்பார்கள். அதற்கு வெற்று மாதிரி என்று பெயர். பல வெற்று மாதிரிகளின் அளவீடுகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றனவோ, அந்த விலகலின் மூன்று மடங்கைக் கண்டறியும் எல்லையாகவும், பத்து மடங்கை எண்ணாகச் சொல்லத் தகுந்த எல்லையாகவும் எடுப்பது வழக்கம்.

கருவிகளில் பழையது அணு உறிஞ்சல் முறை, 1950களில் அவுஸ்திரேலியாவில் உருவானது. ஒரு நேரத்தில் ஓர் உலோகம்தான் பார்க்கலாம் என்றாலும் கிராபைற்று உலையோடு சேர்த்தால் நுணுக்கமாகவே அளக்கும். இன்று முன்னணியில் நிற்பது ஐசிபி-எம்எஸ். ஆகன் வாயுவை ஆயிரக்கணக்கான பாகைக்குச் சூடாக்கிய பிளாஸ்மாவில் மாதிரியைத் தெளித்து, அணுக்களை அயன்களாக்கி, திணிவின்படி பிரித்து எண்ணும் கருவி. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு, எண்ணெய்க்கு அது குறிப்பாகப் பொருந்தும். ஆகனின் திணிவு 40, கரிமத்தின் திணிவு 12, இரண்டும் ஒட்டினால் 52. குரோமியமும் 52. எண்ணெய் சரியாக எரியாமல் கரிமம் மிஞ்சினால் இல்லாத குரோமியம் இருப்பதாகக் கருவி சொல்லும். ஆகனும் ஒட்சிசனும் சேர்ந்தால் 56, இரும்பாகத் தெரியும். ஆகனும் குளோரினும் சேர்ந்தால் 75, ஆசனிக்காகத் தெரியும். மிஞ்சிய கரிமம் ஆசனிக்கின் சமிக்ஞையைப் பெரிதாக்கியும் காட்டும். கருவிக்குள் ஈலியம் வாயுவை விட்டு இந்தப் போலிகளை வடிகட்டலாம். அதைச் செய்தார்களா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. தெரிந்த அளவு உலோகத்தை எண்ணெயில் வேண்டுமென்றே சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. சேர்த்ததில் 80 முதல் 120 சதவீதம் வரை கிடைத்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

கடையில் ஓர் ஓர்கானிக் போத்தலும் ஒரு சாதாரணப் போத்தலும் வாங்கி அளந்து, 'இதில் குறைவு, அதில் கூட' என்று எழுதும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை. இரண்டு போத்தலுக்கும் இடையில் மண் வேறு, இனம் வேறு, செக்கு வேறு, பீப்பாய் வேறு. ஒன்று குளிர்முறையில் பிழிந்தது, மற்றது சுத்திகரித்தது. சுத்திகரிக்கும்போது பசைநீக்கமும், நிறத்தை எடுக்கப் போடும் வெளிற்றும் மண்ணும் உலோகத்தைக் கணிசமாக இழுத்துவிடும். ஆகவே வழக்கமான எண்ணெய் சேதன வெர்ஜின் எண்ணெயைவிட உலோகம் குறைவாகக் காட்டினால், பெருமை வெளிற்றும் மண்ணுக்குத்தான் போக வேண்டும்.

உடலுக்குள் போகும் அளவையும் பார்க்க வேண்டும். ஒருவர் நாளுக்கு 30 கிராம் எண்ணெய் சாப்பிடுகிறார், அதில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கட்மியம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உடலுக்குள் போவது 0.3 மைக்ரோகிராம். அதே ஆள் 300 கிராம் அரிசி சாப்பிட்டு, அந்த அரிசியில் கோடெக்ஸ் எல்லையான 0.4 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கே கட்மியம் இருந்தாலும் 12 மைக்ரோகிராம் போகும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2010இல் சொன்ன தாங்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 மைக்ரோகிராம் வரும். கட்மியம் என்று கவலைப்படுபவர்கள் எண்ணெய்க்கு முன்னால் அரிசியைப் பார்க்க வேண்டும். ஈயத்தில் நிலைமை வேறு. அதற்கு முன்பு வைத்திருந்த தாங்கும் அளவைக் காக்கத் தகுந்ததல்ல என்று அதே குழு விலக்கிக்கொண்டது. புதிதாக ஓர் அளவு வைக்கவும் முடியவில்லை. கோடெக்ஸ் எல்லையைத் தொடும் எண்ணெயை நாளுக்கு 30 கிராம் சாப்பிட்டால் 2.4 மைக்ரோகிராம் ஈயம் போகும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் குறைக்க வழியிருந்தால் குறைக்கத்தான் வேண்டும். அதற்குச் சேதன முத்திரையைவிட, நல்ல உருக்குப் பாத்திரங்களோடு ஒழுங்காக நடக்கும் செக்கும், தூசி படாமல் காய்ந்த கொப்பராவும் கூடுதலாக உதவும்.

சேதன எண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பீடைநாசினி எச்சம் குறையும், மண்ணுக்கும் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் நல்லது, அதற்காகக் கொடுக்கலாம். உலோகத்துக்காகக் கொடுப்பதென்றால் அந்தத் தொகுதிக்கான பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது தொகுதி இலக்கம், போத்தலில் இருப்பதும் அறிக்கையில் இருப்பதும் ஒன்றா என்று. அப்புறம், ஆய்வுகூடங்களின் திறமைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025இன் கீழ் அந்த ஆய்வுகூடம் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா, அந்த அங்கீகாரம் எண்ணெயில் உலோகம் அளப்பதற்கும் சேர்த்தா என்பது. ஸ்லாப் எனப்படும் இலங்கை அங்கீகார அமைப்பு ஒவ்வொரு ஆய்வுகூடத்துக்கும் எந்தெந்தச் சோதனைகளுக்கு அங்கீகாரம் என்பதைத் தனியாகப் பட்டியலிடுகிறது. கடைசியாக, 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால் பக்கத்தில் எல்லை எண் இருக்கிறதா என்று பாருங்கள். கண்டறியும் எல்லை கிலோவுக்கு 0.5 மில்லிகிராமாக உள்ள கருவியில் ஈயம் 'கண்டறியப்படவில்லை' என்றால், அந்த எண்ணெயில் கோடெக்ஸ் எல்லையைப்போல ஆறு மடங்கு ஈயம் இருந்தாலும் அறிக்கையில் அதே சொல்தான் வந்திருக்கும்.